பொம்மை வீட்டுக்கு ஒரு தூண்

ராஜகோபாலன் முதலில் புகைபோக்கியைத்தான் கொன்றார். கழுத்தைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். வரவில்லை. சுத்தியலால் மண்டையில் ஒன்று போட்டார். அப்போதும் அது விறைப்பாக நின்றதால் ரம்பத்தை வைத்து அறுத்து, பால்கனியில் துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே வீசினார். அடுத்தது குளியல் தொட்டி. பசை போட்டு ஒட்டியிருந்த அந்த வெள்ளைத் தொட்டியை உளியால் பெயர்த்தபோது தரையும் தோல்போலச் சேர்ந்து கிழிந்து வந்தது. பிறகு முயல் படம் போட்ட ஜன்னல் திரைகள், ரோஜாக்கொத்து வரைந்த சுவர், குளிர்காய்வதற்கான அடுப்பு. சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் அந்த மர வீட்டில் அந்நியர் யாரும் உயிரோடு இல்லை.

இந்தப் படுகொலைக்கு அவர் வைத்திருந்த பெயர் புனருத்தாரணம்.

மனைவி சூடாமணி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "பக்கத்தாத்து மாமி கேக்கறா, உங்காத்துல யாரையாவது வெட்டிண்டிருக்காளான்னு."

"ரெஸ்டொரேஷன்னு சொல்லு."

"சொன்னேன். அதுக்கா இப்படி அலர்றதுன்னா."

ராஜகோபாலன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மண்டல மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவுடன் மண்டலம் போய்விட்டது, மேலாண்மை மட்டும் மிஞ்சியது. அதை யார் மீதாவது செலுத்தியாக வேண்டும். வேலைக்காரி நின்றுவிட்டாள், அடுக்ககத்தின் காவல்காரர் வேறு தெருவுக்கு மாறிக்கொண்டார். கடைசியில் சூடாமணியின் கொலு அகப்பட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் தன் இஷ்டத்துக்கு வைத்துவந்த கொலுவுக்கு இந்த வருஷம் முதல் ஒரு கருப்பொருள், ஒரு நோக்கவுரை, ஒரு இயக்குநர் எல்லாம் வந்து சேர்ந்தன. கருப்பொருள், அவருடைய தகப்பனார் சாரநாதனின் நூற்றாண்டு.

சாரநாதன் மயிலாப்பூரில் பேர்போன கணக்கு வாத்தியார். மாடவீதியை ஒட்டி அவர் கட்டியாண்ட வீட்டை இடித்துத்தான் இந்த அடுக்ககம் எழுந்தது. வீட்டை இடித்ததற்குப் பரிகாரமாக அடுக்ககத்தின் பெயரில் 'ஹெரிடேஜ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்கள். பங்காக வந்த வீடுகளில் முதல் மாடி ராஜகோபாலனுக்கு. மூன்றாம் மாடி தம்பி கோதண்டபாணிக்கு. மனைவியை இழந்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், அதிகம் பேசாதவர். அண்ணனோடு அறவே பேசாதவர். லிஃப்டில் இருவரும் சேர்ந்து மாட்டிக்கொண்டால் ஒருவர் மேலே பார்ப்பார், மற்றவர் கீழே பார்ப்பார்.

இடித்த வீட்டை அப்படியே சின்னதாக, மரத்தில், கொலுப்படி நடுவில் எழுப்ப வேண்டும் என்பது ராஜகோபாலனின் திட்டம். ஊர் வந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, சாரநாதன் சார் எப்பேர்ப்பட்ட மகான் என்று ஊர் சொல்ல வேண்டும். ஊரே சொல்லிவிட்டால் அப்புறம் தானும் அதை நம்பிவிடலாம் என்று ராஜகோபாலனுக்கு ஒரு ஆசை. அது வெளியே சொல்லிக்கொள்கிற ஆசை அல்ல. மற்றபடி, அந்த வீட்டில் நடந்தது என்ன என்று தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவர்தான் பாக்கி. அவர் மூன்றாம் மாடியில் வாயை மூடிக்கொண்டிருந்தார். அது மூடியே இருந்தால் போதும்.

மர வீடு கிடைத்த இடம் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் மெஹபூப் அலியின் பழைய மரச்சாமான் கடை. மெஹபூப் அலி சாமான் விற்பவர் அல்ல, வம்சாவளி விற்பவர். அவர் கடையில் ஜமீன்தார் சாயாத நாற்காலி கிடையாது, நவாப் உட்காராத முக்காலி கிடையாது. பொம்மை வீட்டைத் தூசி தட்டிக் காட்டும்போதே, அடையாற்றங்கரை பங்களாவில் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் மகளுக்காகக் கப்பலில் வரவழைத்தது என்று அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். வீட்டைப் புரட்டினால் அடியில் அசோக் நகரில் இருக்கும் ஒரு மழலையர் பள்ளியின் பெயரும், பலூன் பிடித்த யானை ஒட்டுப்படமும் இருந்தன. ராஜகோபாலன் யானையைப் பார்த்தார். மெஹபூப் அலியும் பார்த்தார். இருவரும் பெரிய மனிதர்கள் ஆதலால் யானையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளால் யானையைத் தேய்த்துக் கொன்றது தனிக்கதை.

முற்றம் வெட்டியாயிற்று. மாடித் தரையில் சதுரமாக ஓட்டை போடும்போது ரம்பம் நழுவி இடது கட்டைவிரல் சதையில் ஒரு துண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மரத்தில் ஊறிய ரத்தத்தின் மேல் வார்னிஷ் அடித்தார். நல்ல தேக்கு நிறம் வந்தது. மிச்சம் இருந்தது முற்றத்து மூலைத் தூண். அதைக் கடைசலில் கடைந்து தரச் சொல்லி மறுபடியும் கச்சேரி ரோட்டுக்குப் போனார்.

எவ்வளவு பருமன் என்று மெஹபூப் அலி கேட்டார். அசல் தூண் எவ்வளவு பருமனோ, அதைக் கணக்குப்போட்டுச் சின்னதாக்கிக்கொள்ளலாம், கையால் காட்டினால் போதும் என்றார்.

ராஜகோபாலன் கடைக் கூரையைத் தாங்கி நின்ற கம்பத்தின் அருகில் போனார். திரும்பி நின்றார். முதுகைக் கம்பத்தில் சாய்த்து, இரண்டு கைகளையும் பின்பக்கமாகக் கொண்டுபோய்க் கம்பத்தைச் சுற்றி வளைத்து, மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்த்துப் பார்த்தார். "இதைவிடக் கொஞ்சம் பெரிசு. மணிக்கட்டு ரெண்டும் முட்டாது. நடுவுல ஒரு சாண் துண்டு வேண்டியிருக்கும்."

மெஹபூப் அலி பீடியை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா சார் இது. தூணுன்னா எல்லாரும் முன்னாடி கட்டிப் புடிச்சு சைஸ் காட்டுவாங்கோ. நீ இன்னாடான்னா ஸ்டேஷன்ல கட்டிப் போட்டாமாரி பின்னாடி கைய வச்சிக்கினு கீற?"

ராஜகோபாலன் கையை எடுத்தார். பக்கத்தில் இருந்த முக்காலியை ஓங்கி உதைத்தார். அது சுவரில் மோதிக் கால் முறிந்து விழுந்தது.

"அது நவாபு குந்தினது சார்" என்றார் மெஹபூப் அலி, அமைதியாக.

நவாப் முக்காலியையும் வாங்கிக்கொண்டுதான் ஆட்டோ ஏற வேண்டியிருந்தது.

உடம்புக்கு நல்ல ஞாபகசக்தி. அந்த வீட்டில் எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்று ராஜகோபாலன் பல இடங்களில் தடுமாறினார். தூண் விஷயத்தில் மட்டும் தடுமாற்றமே இல்லை. பரீட்சைத்தாள் வருகிற நாளில் சாரநாதன் சார் பெரியவனைத் தூணில் சாய்த்து, கையைப் பின்னால் இழுத்து, நனைத்த துண்டால் கட்டுவார். ஈரத்துண்டு காயக் காய இறுகும். கணக்கு வாத்தியாருக்கு அது தெரியும். எதிரே சின்னவன் கோதண்டபாணி நிற்பான், ஆறு வயது. அவன் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். அவன் சொல்லி முடிக்கும்வரை அண்ணனுக்கு அடி விழும். நடுவில் தப்பினால் முதலிலிருந்து. அவனுக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏழாவது படி எப்போதும் வழுக்கும். அடி விழுகிற சத்தத்தில் எந்தக் குழந்தைக்குத்தான் வழுக்காது என்று நீங்களும் நானும் கேட்கலாம். ஒன்பது வயதுப் பையன் கட்டுண்டு நிற்கும்போது கேட்பது வேறு கேள்வி. அறுபது வருஷமாக அந்தக் கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டுதான் அவர் இப்போது லிஃப்டில் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவராத்திரி பிறந்தது. படி கட்டி, கலசம் வைத்து, நட்டநடுவில் மர வீடு ஏறியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுக்கூரை, முற்றம், விரல்நீள ஊஞ்சல், சந்தனம் தடவிய சுவரில் நகத்தளவு சாரநாதன் படம். மூலையில் பளபளவென்று தூண். தன் பொம்மைகளில் பாதி ஓரத்துக்குத் தள்ளப்பட்டதைச் சூடாமணி பார்த்தாள். படியில் ஏற்றியதை விஜயதசமிவரை யாரும் அசைக்கக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கொலுப் போட்டியின் நடுவர் வருகிற சாயங்காலம். மயிலைக் கொலு ரசிகர் மன்றத்தின் தலைவி ஜெயஸ்ரீ, பட்டுப்புடவையின் சரசரப்பில் தீர்ப்பெழுதுகிறவர் என்று பேர் வாங்கியவர், எதிர்த்தெருவில் ஒரு வீட்டுச் சுண்டலில் சிக்கித் தாமதமாகிக்கொண்டிருந்தார். அதற்குள் வெற்றிலை பாக்குக்கு வந்த மாமிகள் சிலரை உட்கார வைத்து ராஜகோபாலன் ஒத்திகை பார்த்தார். அங்கவஸ்திரமும் கையில் ஒரு குச்சியும். ஊஞ்சலைத் தொட்டார், படத்தைத் தொட்டார், தூணுக்கு வந்தார்.

"இந்தத் தூண்ல சாஞ்சுண்டுதான் அப்பா எங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். அடி, அதட்டல் எதுவும் கிடையாது. அன்பாலேயே ஆளை உருவாக்கினார்."

வாசல் கதவு திறந்தேதான் இருந்தது. கோதண்டபாணி எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. லிஃப்டில் ஒட்டியிருந்த அழைப்பிதழைப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருந்தார், வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. மன்னி சூடாமணியைப் பார்த்துக் கைகூப்பினார். நேரே கொலுப்படிக்குப் போய்க் குனிந்து மர வீட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு கீழ்ப்படியில் இருந்த பள்ளிக்கூடப் பொம்மைகளிலிருந்து அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையனை எடுத்தார். கூடத்துச் சுவரில் அப்பா படத்துக்குச் சாத்தியிருந்த மல்லிகைச் சரத்தில் நாரை உருவினார். பையனைத் தூணில் சாய்த்து, பின்பக்கம் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். மின்வாரியத்து விரல்கள், முடிச்சு நன்றாக விழுந்தது.

"இப்பச் சரியா இருக்கு" என்றார்.

ஒரு மாமி கழுத்தை நீட்டினாள். "உரல்ல கட்டின கிருஷ்ணனா?"

"கிருஷ்ணன் வெண்ணெய் திருடினான் மாமி. இவன் கணக்குல மார்க் கோட்டை விட்டான்." அண்ணன் பக்கம் திரும்பினார். "அப்பா எங்கேடா சாஞ்சார்? சாஞ்சது நீன்னா."

அத்தனை வருஷம் கழித்துத் தம்பி பேசிய முதல் பேச்சு. அதில் 'டா'வும் இருந்தது. ராஜகோபாலன் கையில் இருந்த குச்சி தம்பியின் கன்னத்தில் இறங்கியது. விளக்கம் சொல்லும் குச்சி, மெல்லியது, நன்றாகச் சீறிக்கொண்டு போகும். கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்து, கோட்டின் நுனியில் ரத்தம் முத்துக் கட்டியது.

கோதண்டபாணி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேல்படியில் கலசத்துக்குப் பக்கத்தில் மரப்பாச்சி தம்பதி. ராஜாவைக் காலைப் பிடித்து எடுத்து அண்ணனின் நெற்றியில் அடித்தார். மரப்பாச்சி செம்மரத்தில் கடைந்தது, மூன்று தலைமுறையாக விரிசல் விடாதது. நெற்றி அப்படியல்ல. புருவத்துக்கு மேல் பிளந்துகொண்டு ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

"வேணும்னேதானேடா தப்பாச் சொன்னே?" ராஜகோபாலன் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நான் அடி வாங்கறதைப் பாக்கணும்னு."

"எனக்கு ஆறு வயசு."

"ஆறு வயசுக்கு ஏழு பதினாறு தெரியாதா? சொல்லு. ஏழு பதினாறு எவ்வளவு?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குத்து. "சொல்லுடா. எவ்வளவு? தப்பினா முதல்லேர்ந்து."

அது அவருடைய குரல் அல்ல. கொஞ்சம் மூக்கால் வருகிற, கடைசிச் சொல்லை இழுக்கிற அந்தக் குரலைச் சுவரில் இருந்த நகத்தளவுப் படம்கூட அடையாளம் கண்டிருக்கும். கோதண்டபாணிக்கு உதடு கிழிந்து தொங்கியது. தலையைத் தாழ்த்தி, அண்ணனின் வயிற்றில் முட்டினார்.

இரண்டு பேரும் கொலுப்படியில் போய் விழுந்தார்கள். பலகைகள் சரிந்தன. செட்டியாரின் மளிகைக்கடை நொறுங்கியது. கல்யாண கோஷ்டியில் நாதஸ்வரக்காரர் தலையிழந்தார். ராஜகோபாலன் தம்பியின் தோளைக் கடித்தார். தம்பி உதறியபோது பல்செட் சட்டையிலேயே தொங்கிற்று. பல் இல்லாத ராஜகோபாலன் கைக்கு எட்டியதைத் தேடினார். பொம்மை வீட்டின் கூரை அகப்பட்டது. அதைப் பிடுங்கித் தம்பியின் முதுகில் அறைந்தார். ஓடுகள் சிதறின. தம்பி புரண்டு அவர் மேல் ஏறினார். ஏறும்போது முழங்கால் மர வீட்டின் மாடிக்குள் இறங்கியது. ஊஞ்சல் போயிற்று, சுவர் போயிற்று, தூண் நடுவில் சடசடவென்று பிளந்தது. கட்டுண்ட பையன் மட்டும் கீழ்ப்பாதித் தூணோடு நேராக நின்றான்.

மாமிகள் சுண்டல் பொட்டலங்களை மார்போடு அணைத்துக்கொண்டு சோபாவின் மேல் ஏறி நின்றிருந்தார்கள். யாரும் வெளியே போகவில்லை.

முடித்துவைத்தது சூடாமணி. சுண்டல் கிண்டிய இரும்புக் கரண்டியோடு வந்தாள். மேலே இருந்தவருக்கு முதுகில் ஒன்று, கீழே இருந்தவருக்குக் கால் எலும்பில் ஒன்று, பிறகு இடம் மாற்றி இன்னொரு முறை. பாரபட்சம் பார்க்கவில்லை. "உங்கப்பா செத்தும் எங்காத்துல அடிக்கறார்" என்றாள். "எழுந்திருங்கோ ரெண்டு பேரும்."

எழுந்தார்கள். அப்போது வாசலில் பட்டுப்புடவை சரசரத்தது.

ஜெயஸ்ரீ உள்ளே வந்து இரண்டடியில் நின்றுவிட்டார். மூச்சிரைக்கிற இரண்டு கிழவர்களையும் அவர் பார்க்கவில்லை. நடுவர்கள் மனிதர்களைப் பார்ப்பதில்லை. அவர் பார்த்தது கொலுப்படியை. அங்கே நொறுங்கிய வீடு, நடுவில் பிளந்த தூண், தூணில் கட்டுண்ட சின்னப் பையன். மேல்படி சரிந்தபோது தசாவதார வரிசையிலிருந்து உருண்டு வந்த நரசிம்மர் முற்றத்து ஓட்டையில், நகமும் பல்லுமாக, தூணுக்கு நேரே வந்து நின்றிருந்தார்.

"அடடா" என்றார் ஜெயஸ்ரீ. கண் கலங்கிற்று. "தூண் பொளந்துடுத்து. பகவான் வந்தாச்சு. குழந்தை கட்டுக்கூட அவிழலை. எல்லார் ஆத்துலயும் நரசிம்மரை வெப்பா. அந்தக் குழந்தை அடி வாங்கின ஆத்தை யாரும் வெச்சதே இல்லை." கிட்டே போய் ஒரு ஓட்டுத்துண்டை விரலால் தொட்டார். "ரத்தம்கூட எவ்வளவு தத்ரூபமா இருக்கு. குங்குமமா?"

"குங்குமம்தான்" என்றாள் சூடாமணி.

மாமிகள் சோபாவிலிருந்து இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டார்கள்.

ஜெயஸ்ரீ இப்போதுதான் ராஜகோபாலனைக் கவனித்தார். குறிப்பெழுதுகிற செல்பேசியை உயர்த்தினார். "சார், உங்க வாயால சொல்லுங்கோ. இது யார் ஆம்?"

என் தகப்பனார் வீடு என்று சொல்லலாம். சொன்னால், இது ஏன் இப்படிக் கிடக்கிறது, இந்தப் பையன் யார், உங்கள் நெற்றியில் என்ன என்று வரிசையாகக் கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்த ஆள் சட்டையில் பல்செட் தொங்கப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்தார், அவ்வளவுதான். அடி விழுவதற்கு முன் எதிரே நின்று பார்ப்பானே, அதே பார்வை.

ராஜகோபாலன் தம்பியின் தோளிலிருந்து பல்செட்டைப் பிடுங்கி, அங்கவஸ்திரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இரணியன் ஆம்" என்றார்.

"அப்ப இந்தக் குழந்தை பிரஹ்லாதன்."

"ஆமாம்" என்றார் ராஜகோபாலன். "அவனுக்கு ஒரு தம்பி உண்டு. அதை யாரும் சொல்றதில்லை" என்றார்.

முதல் பரிசு கிடைத்தது. மன்றத்தின் வாட்ஸாப்பில் படம் பறந்தது. மறுநாளிலிருந்து சாந்தோமிலிருந்தும் கோட்டூர்புரத்திலிருந்தும்கூட ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படியில் உள்ளதை அசைக்கக் கூடாது என்பதால் வீடு உடைந்தபடியே இருந்தது. ராஜகோபாலன் நெற்றிக் கட்டோடு குச்சி பிடித்து இரணியன் கதை சொன்னார். முதல் நாள் அளந்து அளந்து பேசினார். இரண்டாவது நாள் துண்டை நனைப்பது எப்படி என்று விளக்கினார். சரஸ்வதி பூஜைக்குள் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. காலையில் எழுந்தால் இரணியன் எந்தப் பக்கமாகச் செருமுவான், அதை வைத்து அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று குழந்தைகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதுவரை விஸ்தாரமாகப் போயிற்று. சொல்லச் சொல்ல அவர் முகம் களைகட்டியது.

கோதண்டபாணி தினம் சாயங்காலம் இறங்கி வந்தார். மன்னி கொடுத்த சுண்டலை வீங்கிய உதட்டால் ஓரமாக மென்றபடி, கால் முறிந்து ஒட்டுப்போட்ட ஒரு முக்காலியில் உட்கார்ந்து கேட்டார். எங்காவது தப்பினால் மட்டும் கையை உயர்த்துவார்.

"அந்த இரணியன் விசிறிக் காம்பைத் திருப்பிப் பிடிச்சு, விரல் மொளியில போடுவான்" என்று ஒருநாள் ராஜகோபாலன் சொல்லிக்கொண்டிருந்தார்.

கை உயர்ந்தது. "விசிறி வெயில் காலத்துலண்ணா. ஐப்பசி, கார்த்திகைன்னா குடைக் கம்பி."

ராஜகோபாலன் நிறுத்தி யோசித்தார். தன் விரல் முட்டியைத் திருப்பிப் பார்த்தார். "ஆமாம்" என்றார். "குடைக் கம்பி."

முன்வரிசையில் இருந்த ஒரு மாமிக்குச் சந்தேகம். அசுர ராஜாவுக்குக் குடை பிடிக்க ஆயிரம் பேர் இருப்பார்களே, அவன் எதற்குத் தனியாகக் குடை வைத்துக்கொண்டான் என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு நனையாம போகணுமே மாமி" என்றார் கோதண்டபாணி.